ஒட்டுத் தெரியும் படம்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்ப்பது இன்னதென்பது எனக்குத் தெரியாமலில்லை. கம்பன் கண்ட கங்கையைப் பற்றியோ, நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ எழுதியிருப்பேனாயின் ஒருவரும் வியந்திருக்கமாட்டார். நான் எழுதப் புகுந்திருப்பதோ நிழற்படங்களைப் பற்றி. அதிலும், பல படங்களை வெட்டியும் அடுக்கியும் ஒட்டியும் ஒரு படமாக்கும் கலையைப் பற்றி. தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன அலுவல் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அலுவல் என் வீட்டுச் சுவரிலே தொடங்கியது.

என் தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர்; 1966ஆம் ஆண்டில் கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுவில் ஆடியவர். 1993இல் அவர் காலமானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த மழை நாளில், அம்மா கையில் எடுத்துக்கொண்டவை உடுபுடைவைப் பை இரண்டும், ஒரு பானையும், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுமே. குடும்பப் படங்கள் யாவும் அலுமாரியில் இருந்தன. நாங்கள் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அலுமாரி நின்ற அறையும் இல்லை. அம்மாவின் கைப்பையில் இருந்த தந்தையாரின் தேசிய அடையாள அட்டை ஒன்றே எஞ்சியது. அதிலுள்ள ஓர் அங்குலப் படமே பல்லாண்டுகளாக எங்களுக்கு அவர் முகமாக இருந்தது.

கனடாவில் வாழும் என் தமையனார், அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கென ஒரு படம் செய்வித்து அனுப்பினார். அடையாள அட்டையிலுள்ள முகத்தைப் பெருப்பித்து, கீறல்களை நீக்கி, வேறு எவரோ ஒருவருடைய உடலின்மேற் பொருத்தி, அம்மாவுக்கு அருகே ஒரு சாய்கதிரையில் அவரை அமர்த்தியிருந்தார்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். முப்பது வயது முகத்துக்கருகே எழுபத்தைந்து வயது முகம் பொருந்தாதென்று எண்ணினார்கள் போலும். அம்மாவின் சுருக்கங்களையும் பெருந்தன்மையோடு அகற்றியிருந்தார்கள். வேலைப்பாட்டிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. எவ்விடத்தில் ஒட்டினார்கள் என்பதைப் பூதக்கண்ணாடி கொண்டு தேடினாலும் காணமுடியாது.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "படம் வடிவாய்த்தான் கிடக்குது. ஆனால் இது ஆர், தம்பி?" என்றார். பின்பு, "உங்கட ஐயா கோட்டுப் போட்டு நான் ஒருநாளும் காணேல்லை. இது ஆரோ படிச்ச மாப்பிள்ளை" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். தமையனாரிடம் தொலைபேசியில், படம் வந்தது, நல்லது என்று மாத்திரம் சொன்னார். படம் துணியாற் சுற்றப்பட்டு அலுமாரியின் மேல் ஏறியது.

குற்றமே காணமுடியாத ஒரு படத்தை அம்மா ஏன் ஏற்கவில்லை? அன்றிலிருந்து இந்த வினா என்னை விடவில்லை.

ஒட்டை மறைக்கும் வித்தை கணினியோடு பிறந்ததன்று. இறந்தவர் முகத்தைக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெருப்பித்து, தூரிகையாற் சால்வை போர்த்து, கண்ணாடிச் சட்டமிட்டுத் தந்த நம்மூர் ஸ்ரூடியோக்காரரை மூத்த பழைய மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐரோப்பாவிலோ இது நிழற்படக் கலையின் இளமைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. சுவீடனிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஒஸ்கார் ரெய்லாந்தர், முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் அச்சிட்டு, 'வாழ்க்கையின் இரு வழிகள்' என்னும் பெரும் படத்தை 1857இல் ஆக்கினார். ஒழுக்கத்தின் வழியும் களியாட்டத்தின் வழியும் ஒரே மண்டபத்தில் நிகழ்வன போலத் தோன்றும். விக்ரோறியா மகாராணியார் அதன் பிரதியொன்றை வாங்கினார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ரொபின்சன், மரணப் படுக்கையிற் கிடக்கும் இளம்பெண் ஒருத்தியையும் அவளைச் சூழ்ந்திருப்போரையும் ஐந்து நெகற்றிவ்களிலிருந்து ஒரு படமாக்கினார். பார்த்தவர் சிலர் இத்துயரைக் காட்டலாமா என்று சினந்தார்கள். அது நிகழ்ந்ததேயில்லை; ஒட்டி உண்டாக்கியது.

நன்னூல் படித்த மாணவருக்கு இதனை எளிதில் விளங்கவைக்கலாம். 'பால் குடித்தான்' என்னுமிடத்து 'ஐ' உருபு மறைந்து நிற்கின்றது, அது தொகை. 'பாலைக் குடித்தான்' என்னுமிடத்து உருபு வெளிப்பட்டு நிற்கின்றது, அது விரி. ரெய்லாந்தரும் ரொபின்சனும் செய்தவை தொகைப் படங்கள். இணைப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. என் தமையனார் அனுப்பியதும் அவ்வாறானதே. விரிந்து நிற்கும் படங்களும் உலகில் உண்டு என்பதை எனக்குக் காட்டியவர், கல்லூரியின் சித்திர ஆசிரியராகிய என் நண்பர். ஓய்வுப் பாடவேளையொன்றில் நான் இக்கதையைச் சொல்லக் கேட்டிருந்தவர், மறுநாள் தடித்த புத்தகங்கள் இரண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

முதற் புத்தகம் கியூபிசம் எனப்படும் ஓவிய நெறியைப் பற்றியது. ஒரு பொருளை ஓரிடத்தில் நின்று ஒரு கணத்திற் காண்பதாக வரைவதே ஐந்நூறு ஆண்டுகளாக மேலைநாட்டு ஓவியரின் வழக்கம். 1907 முதலாகப் பரிஸ் நகரில் பப்லோ பிக்காசோவும், சற்றுப் பின்னர் ஜோர்ஜ் பிராக்கும் அவ்வழக்கத்தை உடைத்தனர். ஒரு கிற்றாரின் முகப்பையும் பக்கவாட்டையும் கழுத்தையும் ஒரே துணியில் அருகருகே இட்டனர்; போத்தலின் வாய் வட்டமாகவும் அதன் உடல் நெடுக்காகவும் நின்றன. பிராக் 1908இல் வரைந்த வீடுகளைக் கண்ட விமரிசகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று ஏளனஞ் செய்ததிலிருந்தே இந்நெறிக்குப் பெயர் வந்தது.

1912இல் பிக்காசோ இன்னுமொரு படி சென்றார். பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்ச்சீலைத் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு கயிற்றைக் கட்டினார். அதே ஆண்டில் பிராக், மரத்தின் இரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் படத்தில் ஒட்டினார். ஒட்டுதல் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே கொலாஜ் என்னும் பெயர் பிறந்தது. ஒட்டுச்சித்திரம் என்று நாம் சொல்லலாம். துண்டு துண்டாகவே தெரிந்தது. வெட்டிய விளிம்பு விளிம்பாகவே நின்றது. இது இங்கே வெளியிலிருந்து வந்தது என்பதை ஓவியன் மறைக்கவில்லை.

கமராக்காரர் இதனை எவ்வாறு பின்பற்றுவது? அல்வின் லாங்டன் கோபேர்ன் என்பவர் 1917 அளவில், கண்ணாடிகள் மூன்றை முக்கோணமாகக் கட்டி அவற்றினூடாகப் படமெடுத்தார். பொருள்கள் சிதறிப் பளிங்குத் துண்டுகளாயின. பேர்லினில் ஹன்னா ஹோக் முதலியோர், முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில், சஞ்சிகைப் படங்களைக் கத்தரித்து அரசியல்வாதிகளின் தலைகளை இயந்திரங்களின்மீது ஒட்டினர். இவை துணிவான முயற்சிகளே. ஆயினும் எனக்கு வேண்டியது கேலியுமன்று, பளிங்கு வேடிக்கையுமன்று. கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டதும் முகத்தைச் சதுரங்களாக உடைத்துக் காட்டும் வித்தையை மாணவர்கள் எனக்குச் செய்து காட்டினார்கள். அதனை அலங்காரம் என்பேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டாவது புத்தகம் டேவிட் ஹொக்னி என்னும் ஆங்கில ஓவியரைப் பற்றியது. யோர்க்ஷயரின் பிராட்போர்ட் நகரில் 1937இற் பிறந்தவர் இவர். 1982 பெப்ரவரியில், பரிஸ் பொம்பிடு நிலையத்தினர் தம் நிழற்படங்களைக் காட்சிக்கென லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுக்கு வந்து தெரிவுசெய்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற போலரொய்ட் படச்சுருள்கள் அவர் கையில் மிஞ்சின. அவற்றைக் கொண்டு தம் வீட்டினூடே நடந்து நடந்து படமெடுத்தார். எடுத்தவற்றை வரிசை வரிசையாக அடுக்கினார். போலரொய்ட் படத்துக்கு வெள்ளைக் கரை உண்டு, அதை வெட்டமுடியாது. ஆகவே படம் முழுவதும் யன்னற் கட்டம்போலக் கோடுகள் விழுந்தன. ஒரு கட்டத்தில் இருந்த கதிரைக்கால் அடுத்த கட்டத்திற் சற்று விலகி நின்றது. அந்த விலகலே அவருக்கு உவப்பாயிற்று. பின்னர் அவர் சாதாரணக் கமராவுக்கு மாறி, கடையிற் கழுவிக் கொடுத்த படங்களைக் கரையின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து ஒட்டலானார்.

கமராவை ஒற்றைக்கண் பூதத்தோடு அவர் ஒப்பிட்டிருக்கிறார். ஒரு கண், ஓரிடம், இமைப்பொழுதினும் சிறிய ஒரு கணம்; மனிதன் ஒருபோதும் உலகத்தை அவ்வாறு காண்பதில்லை. கண் அலைகின்றது, கழுத்துத் திரும்புகின்றது, கால் நடக்கின்றது. கண்டவை எல்லாம் சேர்ந்தே காட்சியாகின்றன. இதனை வாசித்தபோது எனக்கு நம் புலவர்களின் பாதாதிகேசம் நினைவுக்கு வந்தது. அடியில் தொடங்கி முடிவரை உறுப்புறுப்பாகக் கண்டு பாடும் அந்த முறையிற் கண் நடக்கின்றது. நடப்பதற்குக் காலம் செல்கின்றது. ஓருறுப்பில் வேண்டிய அளவு தங்கிவிட்டே அடுத்ததற்குப் போகின்றது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் 'நோக்கு' என ஒன்றை வைத்ததன் பயன் எனக்கு ஓர் ஆங்கிலேயனின் படப் புத்தகத்தில் விளங்கியதென்று சொன்னால் என் ஆசிரியர்கள் சினக்கக்கூடும்.

ஜப்பானின் கியோத்தோ நகரில் ரியோவான்ஜி என்னும் கோயிலிலே, வெண்பரல் பரப்பிய செவ்வகமான கல்முற்றம் ஒன்றுண்டு. அதில் பதினைந்து கற்கள். விறாந்தையில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரு கல்லேனும் மறைந்துபோகும். 1983 பெப்ரவரியில் அங்கு சென்ற ஹொக்னி, முதலில் ஓரிடத்தில் இருந்தவாறே பல படங்களெடுத்துச் சேர்த்தார்; செவ்வகம் ஆப்புப்போலத் தோன்றியது. பின்னர் முற்றத்தின் ஓரமாக நடந்து நடந்து எடுத்தார். ஒட்டிப் பார்த்தபோது முற்றம் செவ்வகமாகவே வந்தது. படத்தின் அடியோரம் நெடுக அவருடைய பாதங்கள் தெரிகின்றன. நடந்துதான் இதைக் கண்டேன் என்பதற்கு அவையே சாட்சி.

1986 ஏப்ரலில், 11ஆந் திகதி முதல் 18ஆந் திகதி வரை, கலிபோர்னியப் பாலைவனத்து நாற்சந்தியொன்றை அவர் எடுத்த 'பேர்ப்ளொசம் நெடுஞ்சாலை' 700இற்கு மேற்பட்ட படங்களால் ஆனது. வீதிப் பலகையை ஏணியில் ஏறி நேருக்கு நேர் எடுத்தார். நிலத்திற் கிடந்த வெற்றுப் போத்தலைக் குனிந்து எடுத்தார். புகழ்பெற்றது அதுவே. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதோ வேறொன்றை.

1982 நவம்பரில் அவர் தம் தாயாரை யோர்க்ஷயரிலுள்ள போல்ரன் அபி என்னும் பாழடைந்த மடாலயத்துக்கு அழைத்துச் சென்றார். மழை தூறுகின்றது. கல்லறைகளுக்கிடையே, மழையங்கி அணிந்து, முதிய தாயார் அமர்ந்திருக்கிறார். பின்னே இடிந்த வளைவுகள். முகமே பல துண்டுகள். ஒன்றில் இருந்த பார்வை மற்றதிற் சிறிது மாறியிருக்கின்றது. படத்தின் அடியிலே, ஈரப் புல்லின்மேல், மகனுடைய சப்பாத்து நுனிகள் தெரிகின்றன. அவர் தந்தையார் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். 1977இல் ஹொக்னி வரைந்த 'என் பெற்றோர்' என்னும் ஓவியத்தில் தாயார் மகனை நேரே நோக்கியிருக்க, தந்தையாரோ குனிந்து ஒரு புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார். அப்புத்தகம் ஓவியத்தையும் நிழற்படத்தையும் பற்றியது என்பதை என் நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். ஒருவர் பார்க்கிறார், ஒருவர் பார்க்கவில்லை. பெற்றோரை நினைவிற் கொண்டுவரும் எவருக்கும் இது விளங்கும்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு வேர் உண்டு. கொழும்பில் வாழ்ந்த லயனல் வெண்ட், சட்டம் படித்து, பியானோ வாசித்து, முடிவிற் கமராவைப் பற்றிக்கொண்டவர். இருட்டறையில் படங்களை இணைத்தும், ஒளியைத் தலைகீழாக்கியும் அவர் செய்த பரிசோதனைகள் 1930களிலேயே நிகழ்ந்தவை. கியூபிசத்தை இலங்கை மண்ணின் கோடுகளோடு சேர்த்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் அவரும், 1943இல் உருவான '43 குழு'வைச் சேர்ந்தவர்கள். மறு ஆண்டே வெண்ட் காலமானார். கொழும்பில் அவர் பெயரால் வழங்கும் மண்டபத்துக்கு நாடகம் பார்க்கச் செல்லும் நம் மாணவர்கள், அவர் யாரென்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கலாம்.

இனி என் முயற்சிக்கு வருகின்றேன். யூபிலிக் கண்காட்சிக்கெனப் பழைய படங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, இலண்டனிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் பழைய கல்லூரி மலர் ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் 1966ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் குழுவின் படம் இருந்தது. இரண்டாவது வரிசையில் என் தந்தையார். முன்னே நின்றவரின் தோள் அவர் முகத்தின் பாதியை மறைத்துவிட்டது. பதினெட்டு வயது, அச்சுப் புள்ளிகளாலான ஒரு கண்ணும் அரைப் புன்னகையும். அதன்பின் எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. வவுனியாவிலுள்ள மாமியின் கல்யாணப் படத்தொகுப்பைப் புரட்டினேன். ஒரு படத்தின் ஓரத்தில், தாம்பூலத் தட்டம் நீட்டும் ஒரு கை. முழங்கைக்கு மேல் படம் முடிந்துவிட்டது. "அது உன்ர ஐயாதான்" என்றார் மாமி. அயலவர் ஒருவரிடம் தேர்த்திருவிழாப் படமொன்று கிடைத்தது. சனத்திரளில் ஒரு முதுகு. அதன் தோளில் ஒரு சிறுவன். சிறுவன் நான்.

ஆக, அடையாள அட்டையோடு நான்கு துண்டுகள். ஒரு முழு முகம், ஓர் அரை முகம், ஒரு கை, ஒரு முதுகு. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கணினியில் வல்லவன். அவற்றை அவனிடம் கொடுத்தேன். "சேர், ஒட்டுத் தெரியாமல் ஒரே படமாய்ச் செய்து தாறன்" என்றான். தெரியவேண்டும் என்றேன். அவன் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தான். அளவுகளையாவது ஒத்ததாக்கட்டுமா என்று கேட்டான், அதையும் வேண்டாமென்றேன். ஆகவே அட்டைமீது ஒட்டியபோது கை முகத்திலும் பெரிதாயிற்று. முதுகு எல்லாவற்றிலும் பெரிது. அச்சுப் புள்ளி ஒருபுறம், மங்கிய வர்ணம் ஒருபுறம். துண்டுகளுக்கிடையே வெள்ளை அட்டை தெரிந்தது. சித்திர ஆசிரியர் வந்து பார்த்தார். ஹொக்னியின் துண்டுகள் ஒரே பிற்பகலின் துண்டுகள், உம்முடையவையோ இருபது ஆண்டுகளில் எடுத்தவை. இதனைக் கியூபிசம் என்று சொல்லிவிடாதேயும் என்றார். அவர் சொன்னது சரி. ஆதலால் நான் சொல்லவில்லை.

அம்மா விறாந்தையில் இருந்தார். அட்டையை மடியில் வைத்தேன். இம்முறை யார் என்று கேட்கவில்லை. முதலிற் கையைத் தொட்டார். "இந்த மணிக்கூடு எங்கட அப்பு கலியாணத்துக்குக் குடுத்தது." பின்பு முதுகுக்குப் போனார். "தேர் அண்டைக்கு உனக்குக் காய்ச்சல். வீட்டிலை விட்டிட்டுப் போவம் எண்டன், அவர் கேக்கேல்லை." அரை முகத்தில் விரலை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. பதினெட்டு வயதில் அவரை அம்மாவும் கண்டதில்லை. கடைசியில் விரல், முகத்துக்கும் முதுகுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துக்கு வந்தது. "இதிலை கழுத்து வரும். பின்கழுத்திலை ஒரு மச்சம் இருந்தது." நாற்பத்தைந்து ஆண்டுகளில் நான் அறியாத செய்தி அது.

அந்த இடத்தை ஏதேனும் கொண்டு நிரப்பித் தரட்டுமா, அந்தப் பொடியன் வரைந்து தருவான் என்று கேட்டேன்.

"வேண்டாம். அவற்றை ஏதும் கிடைச்சால் வை. இல்லாட்டில் அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

அட்டை இப்பொழுது சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றது. கண்ணாடியைக் கழற்றக்கூடியதாகவே சட்டத்தைச் செய்வித்திருக்கின்றேன். 1966ஆம் ஆண்டுக் குழுவோடு ஆடிய அன்பர்களோ, அவர்தம் மக்களோ இம்மலரைப் படிக்க நேர்ந்தால், தங்களிடமுள்ள பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். இரண்டாவது வரிசை, இடப்புறமிருந்து மூன்றாமவர். முழு உருவம் வேண்டுவதில்லை. ஒரு காலோ, ஒரு தோளோ, பின்கழுத்தோ ஓரத்தில் அகப்பட்டிருப்பினும் போதும். மூலப்படத்தை அனுப்பவேண்டா, பிரதி ஒன்று எடுத்து, கல்லூரி விலாசத்துக்கு, தமிழாசிரியர் என்று குறித்து அனுப்பினால் வந்துசேரும்.